வெறுங்கை விளையாட்டுகளும் எழுத்தின் விதியும்

அட்டை, பகடை, பலகை எதுவுமின்றி, முன்னேற்பாடும் இன்றி, உட்கார்ந்த இடத்திலேயே பெரியவர்கள் ஆடத்தக்க விளையாட்டு எது என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது அந்தாட்சரி. திருமண வீட்டு முற்றத்திலும் தொடர்வண்டிப் பெட்டியிலும் ஆய்வு மாணவர் விடுதியின் மொட்டைமாடியிலும் அது ஆடப்படுகிறது. ஒன்றுமே தேவைப்படாத விளையாட்டு என்று அதைப் புகழ்வோரும் உண்டு. அந்தப் புகழ்ச்சி முழு உண்மையன்று. கையில் ஒன்றும் வேண்டாத விளையாட்டு, ஒரு மொழியைக் கேட்கிறது; அந்த மொழியில் சேர்த்துவைத்த நினைவைக் கேட்கிறது. அவ்விரண்டும் எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே விதியை வகுப்பவர், யார் ஆடுவார், யார் கைதட்டிக்கொண்டு ஓரத்தில் அமர்வார் என்பதையும் சேர்த்தே வகுத்துவிடுகிறார்.

இதை எண்ணிப் பார்ப்பதற்குத் தோப்பும்படியைவிடப் பொருத்தமான இடம் அரிது. கொச்சியின் மேற்குக் கரையில், மட்டாஞ்சேரிக்கும் பள்ளுருத்திக்கும் செல்லும் சாலைகள் பிரியும் நாற்சந்தி அது. அருகிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த விசைப்படகுத் தொழிலாளர்கள் பல்லாண்டுகளாகத் தொழில் செய்துவருகின்றனர். சற்று வடக்கே சென்றால் மட்டாஞ்சேரியில் கொங்கணி, குசராத்தி, கச்சி, தக்கினி உருது, தமிழ் ஆகிய வீட்டு மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் வழங்குகின்றன. கோட்டைக் கொச்சியின் வெளித் திடலருகே சலவைத் துறையில் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. இவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் எழுதப் பழகியவர்கள். இத்தகைய ஊரில் ஐந்தாறு பேர் கூடி ‘ஏதாவது விளையாடுவோம்’ என்றால், எந்த மொழியில், எந்த விதியில் என்ற கேள்வி உடனே எழுகிறது.

கேரளத்துக்கென்றே உரிய வெறுங்கை விளையாட்டு ஒன்று உண்டு: அட்சரசுலோகம். ஒருவர் நான்கடிச் சுலோகம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதன் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் மற்றொரு சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். சொல்ல இயலாதவர் தோற்றவர். அந்தத் தோல்விக்கு ‘அச்சுமூளல்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. சுலோகத்தைத் தேர்வதிலும் சூழ்ச்சி உண்டு. மூன்றாம் அடி அரிய எழுத்தில் தொடங்கும் சுலோகத்தைச் சொன்னால் எதிராளி திணறுவார். 1957இல் எறணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் இன்று இது மதிப்பெண்ணும் பரிசும் உள்ள போட்டியாக விளங்குகிறது. ஆனால் இதன் இயல்பான களம் மேடையன்று. திண்ணையும் கோயில் ஊட்டுப்புரையும் பயணமுமே அது வளர்ந்த இடங்கள். கொடுங்கல்லூர்க் குஞ்ஞிக்குட்டன் தம்புரான் (1864–1913) காலத்துக் கவிஞர் வட்டங்களில், ஈற்றடி கொடுத்து மீதியை நிரப்பச் சொல்லும் சமசியைப் பூரணமும் விரைவுக் கவிதையும் போலவே இதுவும் பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் இருந்தது.

அட்சரசுலோகத்தின் சிறப்பு அதன் விதியில் இருக்கிறது. முடியும் எழுத்தை அது கேட்பதில்லை. ஓர் அடி தொடங்கும் எழுத்தைக் கேட்கிறது. ஓர் அடியைத் தொடங்கிய எழுத்து இன்னோர் அடியையும் தொடங்கும் என்பது ஏறத்தாழ உறுதி. எனவே, ஆடுவோரின் நினைவு வற்றினால் ஒழிய, ஆட்டம் மொழியின் அமைப்பில் முட்டி நிற்பதில்லை. விதியை முதலில் வகுத்தவர் இதை எண்ணி வகுத்தாரோ, பழக்கத்தில் படிந்ததோ, விளைவு ஒன்றுதான்.

அதே விளையாட்டுக்கு ஒரு வாயிற்கதவும் உண்டு. அட்சரசுலோகத்தில் சமற்கிருத விருத்தங்களில் அமைந்த சுலோகங்களே ஏற்கப்படுகின்றன; அவற்றுள்ளும் அனுட்டுப்பு பொதுவாக விலக்கப்படுகிறது. ஒருவர் மலையாளத்தில் நூறு பாடல் அறிந்தவராக இருக்கலாம். அவை காகளியிலோ கேகையிலோ மஞ்சரியிலோ அமைந்திருந்தால் இந்தக் களத்தில் அவருக்கு இடமில்லை. திராவிட விருத்தங்களுக்கென்று காவ்யகேளி என்னும் இணை விளையாட்டு இருப்பதும், கலோத்சவத்தில் இரண்டும் தனித்தனிப் போட்டிகளாக நடத்தப்படுவதும் இந்தக் கதவு மெய்யானது என்பதற்குச் சான்று. விளையாட்டின் பொருட்செலவு சுழியம். ஆனால் நுழைவுக் கட்டணம் பல்லாண்டுக் கல்வி. எந்த வீட்டில் அந்தக் கல்வி தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இயல்பாக வந்தது, எந்த வீட்டில் வர வழியில்லாமல் போனது என்பது கேரளத்தின் சாதி வரலாறு அறிந்த எவருக்கும் தெரியும்.

திரைப்பாடல் அந்தாட்சரி இந்தக் கதவை உடைத்தது. விருத்தம் அறியாதவரும் வானொலி கேட்டிருந்தால் ஆடலாம் என்றானது. 1993இல் ஜீ தொலைக்காட்சி அந்தாட்சரியை நிகழ்ச்சியாக்கியபின், இந்தி வழங்கும் நாட்டுப் பகுதிகளில் அது வீட்டு விளையாட்டு என்ற நிலையிலிருந்து நாடறிந்த வடிவமாக உயர்ந்தது. அதன் விதி எளியது: பாடல் முடியும் எழுத்தில் அடுத்த பாடல் தொடங்க வேண்டும். ‘அந்திய அட்சரம்’, அதாவது ஈற்றெழுத்து என்பதே பெயர்க் காரணம். உருதுவில் ஈரடிக் கவிதைகளைக் கொண்டு ஆடும் பைத்பாசியும் இதே விதியில் இயங்குகிறது. அம்மொழிகளில் சொல்லின் ஈற்றில் வரும் மெய்களுள் பெரும்பாலானவை சொல்லின் முதலிலும் வரும். ஆதலால் விதி தடையின்றி ஓடுகிறது.

தமிழில் அது ஓடுவதில்லை. காரணம் தொல்காப்பியத்தின் மொழிமரபிலேயே இருக்கிறது. பன்னிரண்டு உயிர்களும் சொல்லுக்கு முதலாகும். பதினெட்டு மெய்களுள் க, ச, த, ந, ப, ம, வ, ஞ, ய ஆகிய ஒன்பதே உயிரேறி முதலாகும். அவற்றுள்ளும் சிலவற்றுக்கு எல்லா உயிர்களோடும் சேரும் உரிமை இல்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லைத் தொடங்கா. ஈற்றிலோ நிலைமை தலைகீழ். ஈற்றில் நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்லும் பதினொரு மெய்களுள் ண், ன், ர், ல், ழ், ள் என்னும் ஆறும் முதலில் வர இயலாதவை. எஞ்சியவற்றுள் ஞ், ந், வ் ஆகியவை ஈற்றில் வரும் சொற்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆக, நடைமுறையில் ஈறும் முதலும் சந்திக்கும் மெய்கள் ம், ய் என்ற இரண்டே.

திரைப்பாடல்கள் விரும்பி முடியும் சொற்களை வைத்தே இதைச் சோதிக்கலாம். காதல், கண், பெண், உயிர், மழை, நிலவு, கனவு. முதல் நான்கும் முதலாகாத மெய்யில் முடிகின்றன. ‘மழை’ ழகரத்தில் முட்டுகிறது. ‘நிலவு’, ‘கனவு’ இரண்டிலும் ஈற்றெழுத்து ‘வு’. வகரம் முதலாகும், ஆனால் உகரத்தோடு சேர்ந்து முதலாகாது. ஏழு சொற்களில் ஏழும் ஆட்டத்தை நிறுத்திவிடுகின்றன. இந்தி அந்தாட்சரியின் விதியைத் தமிழில் அப்படியே பின்பற்றினால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சண்டை வரும். வரத்தான் செய்கிறது.

அந்தச் சண்டைகளை மக்கள் தீர்த்துக்கொள்ளும் விதம் மொழியியல் மாணவர்கள் குறித்துவைக்கத் தக்கது. ‘ன்’ வந்தால் நகரத்தில் பாடலாம் என்பர். ஒலிப்பில் இரண்டும் பெரும்பாலோர் வாயில் ஒன்றாகிவிட்டன என்ற உண்மையை இலக்கணம் படியாதவரும் அறிந்தே வைத்திருக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘ர்’, ‘ல்’ வந்தால் ரயில், ராசா, ரோசா, லாலி போன்ற சொற்களில் தொடங்கும் பாடல்கள் கைகொடுக்கும். கடன்சொற்களால் தமிழ் கெட்டது என்று வருந்துவோரும் அந்த இரவில் அவற்றாலேயே பிழைக்கின்றனர். அப்போது ஒருவர் ‘இராசா’ என்றுதானே எழுத வேண்டும், அது இகரத்துக்குரிய பாட்டல்லவா என்று தடுப்பார். ரகரத்துக்கு முன் அ, இ, உ வரும், லகரத்துக்கு முன் இ, உ வரும் என்று நன்னூல் வகுத்த வழக்கு, எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, ஒரு மொட்டைமாடியில் வழக்காடுகிறது. எழுத்தை நம்புவதா, காதை நம்புவதா என்பதே அந்த வழக்கின் சாரம்.

தமிழ் மரபு இந்த இடர்ப்பாட்டை முன்பே தீர்த்திருந்தது. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவது அந்தாதி. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி முதல் அபிராமி பட்டரின் அபிராமி அந்தாதி வரை அம்மரபு நீள்கிறது. யாப்பிலக்கணம் எழுத்து, அசை, சீர், அடி எனப் பல நிலைகளில் அந்தாதித் தொடையை ஏற்கிறது. முழுச் சொல்லோ சீரோ மீண்டும் முதலில் வரும்போது முதலாகா எழுத்துச் சிக்கல் எழுவதே இல்லை. ‘காதல்’ என்று முடிந்தால் ‘காதல்’ என்றே தொடங்கலாம். பிற்காலத்தில் அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியிலும் பின்னர்த் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் நடத்திப் புகழ்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’ வேறொரு வழியைக் கண்டது. பாட வேண்டிய எழுத்தை நடத்துநர் அறிவித்தார். முட்டும் இடத்தில் மனிதத் தீர்ப்பு நுழைந்தது. அதனாலேயே அது மேடைக்கு ஏற்றதாகவும், நடுவர் இல்லாத வீட்டுக் கூடத்துக்குச் சற்றுத் தொலைவானதாகவும் ஆனது.

தோப்பும்படியில் இன்னொரு முடிச்சும் விழுகிறது. வீட்டில் தமிழ் பேசி, மலையாள எழுத்தில் மட்டும் படித்த ஒருவரையும், சென்னையில் தமிழ்வழிப் படித்த ஒருவரையும் ஒரே வட்டத்தில் அமர்த்திப் ‘ப’ என்ற எழுத்தைக் கொடுத்தால் என்ன நிகழும்? தமிழ் எழுத்தில் பந்து, பந்தம் இரண்டுக்கும் ஒரே பகரம். ஒலிப்பிலோ முன்னது வல்லொலி, பின்னது அதிர்வொலி. மலையாள எழுத்து இவ்விரண்டையும் வெவ்வேறு எழுத்துகளாகக் காட்டுகிறது. தினை, தினம் என்ற இணைக்கும் இதுவே நிலை. மலையாளம் படித்தவருக்குப் ‘பந்தம்’ தவறான விடை. தமிழ் படித்தவருக்கு அது சரியான விடை. இருவரும் ஒரே மொழியைப் பேசுகின்றனர்; இருவரின் காதும் பழுதற்றது. வேறுபடுவது பள்ளி. ஆயினும் அந்த வட்டத்தில் ‘தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்ற பட்டம் ஒருவருக்கு மட்டுமே வந்து சேரும். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் தம் வீட்டு மொழியிலேயே விருந்தாளியாவது இப்படிப்பட்ட சிறு கணங்களில்தான். பேச்சில் குறையொன்றும் இல்லாதவர், எழுத்து இல்லாமையால் தம் பாட்டிலேயே தோற்கிறார். அடுத்தமுறை அவர் ‘எனக்குத் தலைவலி’ என்று எழுந்துவிடுவார். அதை யாரும் விளையாட்டு விதியின் விளைவாக எண்ணமாட்டார்கள்.

இதற்கு மாற்று விதி ஒன்றை முன்வைக்கலாம். ஈற்றெழுத்தை விட்டுவிட்டு ஈற்றுயிரை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘காதல்’ என முடிந்தால் அகரம். ‘உயிர்’ என்றால் இகரம். ‘பெண்’ என்றால் எகரம். ‘நிலவு’ என்றால் உகரம். எந்தத் தமிழ்ச் சொல்லின் கடைசி அசையிலும் ஓர் உயிர் இருந்தே தீரும். பன்னிரண்டு உயிரும் சொல்லுக்கு முதலாகும் என்று தொல்காப்பியமே உரிமை கொடுத்திருக்கிறது. எனவே கடன்சொல் இன்றியும், நடுவர் இன்றியும், னகர நகர வழக்கு இன்றியும் ஆட்டம் தொடரும். இது காதால் ஆடும் விதி, எழுத்தறிவு வேண்டாதது. பந்து, பந்தம் என்ற முடிச்சும் அவிழ்ந்துவிடுகிறது. உயிர்களில் அத்தகைய பிரிவு இல்லை.

இவ்விதிக்குக் குறைகளும் உண்டு. தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை குற்றியலுகரத்திலும், அம், அன், அர், அள் என்னும் ஈறுகளிலும் முடிவதால் உகரமும் அகரமும் மீண்டும் மீண்டும் வரும். உகரத்தில் தொடங்கும் பாடல்கள் விரைவில் தீரும். ‘மழை’ வந்தால் ஐகாரத்தில் எத்தனை பாடல் கிடைக்கும்? அங்கே ஐகாரக்குறுக்கத்தை விதியாகவே ஏற்று அகரத்திலும் பாடலாம் எனலாம். உகரத் தட்டுப்பாடோ ஒருவகையில் நன்மை. அட்சரசுலோகத்தில் அரிய எழுத்தைக் கொடுத்து மடக்குவது போல, இங்கே உகரத்தைக் கொடுத்து மடக்குவது உத்தியாகும். மலையாளப் பாடலும் கலந்து வரலாம் என்று இசைந்தால் கையிருப்பு இரட்டிப்பாகும். உயிர் விதி அம்மொழிக்கும் தடையின்றிப் பொருந்தும்.

பாடல் நினைவே வேண்டாத விளையாட்டுகள் உள்ளனவே என்று சிலர் கேட்கலாம். மாணவர் விடுதிகளில் இன்று பரவலாக ஆடப்படும் மாஃபியா அத்தகையது. மாசுக்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற திமித்ரி தவிதோவ் 1986ஆம் ஆண்டளவில் உருவாக்கியது அது. சிலர் மறைமுகக் கொலையாளிகள், ஏனையோர் ஊரார். பேசிப் பேசியே கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே பாட்டு வேண்டாம், எழுத்து வேண்டாம்; விரைந்து வாதாடும் நாவன்மை மட்டும் போதும். அதுவே இதன் மறைந்த கட்டணம். இரண்டாம் மொழியில் ஆடுபவர் சொல்லைத் தேடித் தயங்கும்போது, அந்தத் தயக்கம் பொய்யரின் தயக்கமாகப் படிக்கப்படுகிறது. மொழி தடுமாறுபவர் முதற்சுற்றிலேயே வெளியேற்றப்படுவார். குற்றவாளி சரளமாகப் பேசித் தப்புவார். வகுப்பறைக் கருத்தரங்கில் நிகழ்வதன் சிறு வடிவம் இது என்பதை ஆய்வு மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பலமொழி வட்டத்துக்கு மிகவும் இணக்கமானது பழைய விடுகதையே. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘பிசி’ என்று இதற்குத் தனி இடம் தந்தது. ஈழத்தில் இது நொடி. மலையாளத்தில் கடங்கதை, விடை சொல்ல இயலாதவர் ‘கடன்’ பட்டதாகக் கணக்கு வைத்து ஆடுவர். விடுகதையில் இருவகை உண்டு. சொல்லின் இரட்டைப் பொருளில் நிற்பது மொழியெல்லையைத் தாண்டாது. தேங்காய், முட்டை, கிணறு, நிழல் என்று பொருளின் தோற்றத்தில் நிற்பது எளிதாகத் தாண்டும். தேங்காயைப் பற்றிய விடுகதையை ஒரு தமிழர் மலையாளத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னாலும், கேட்பவர் விடையைக் கண்டுவிடுவார். இங்கே தடுமாற்றம் தண்டிக்கப்படுவதில்லை. புதிர் போடுபவரிடமே அதிகாரம் இருக்கிறது. மொழியில் எளியவர் ஒரு நொடிக்கேனும் வினவும் இடத்தில் அமர்கிறார்.

விளையாட்டை விளையாட்டாக விட்டுவிட வேண்டும், அதிலும் சாதியும் பள்ளியும் தேடுவது ஆய்வாளரின் தொழில்நோய் என்ற மறுப்பு எழக்கூடும். யோகான் ஹுயிசிங்கா 1938இல் வெளியிட்ட நூலில் விளையாட்டை அன்றாட வாழ்விலிருந்து விலகிய தனி வட்டமாக விளக்கினார். பலகை விளையாட்டுக்கு அந்த விளக்கம் ஒருவாறு பொருந்தும். சதுரங்கக் குதிரை ஆடுபவரின் ஊரைக் கேட்பதில்லை. சொல் விளையாட்டில் காயே ஆடுபவரின் வாய்மொழி. வட்டத்துக்கு வெளியே அவர் எங்கே பிறந்தார், எந்த வானொலி கேட்டார், எந்த எழுத்தில் படித்தார் என்பது அவரோடு உள்ளே வந்துவிடுகிறது. அதைத் தடுக்க முடியாது; தடுக்க வேண்டியதும் இல்லை. எங்கே பிறந்தாலும், இடலாக்குடியில் பிறந்தாலும், அவரவர் நினைவே அவரவர் செல்வம். அந்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானங்களை நிகழ்த்தியபோது அவர் கையிலும் ஒன்றுமில்லை. அத்தகைய நினைவைக் கண்டு வியப்பது வேறு. அதை அனைவருக்குமான அளவுகோலாக்குவது வேறு.

துறைக் கூடுகைகளிலும் ஆய்வு மாணவர் சந்திப்புகளிலும் இறுக்கம் தளர விளையாட்டு வைக்கும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. அங்கே விதி பெரும்பாலும் ஒருவர் வாயிலிருந்து, அவருக்குப் பழகிய மொழியில், கேள்வியின்றி வருகிறது. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, எந்த எழுத்து, எந்த ஒலி, எந்தெந்த மொழி செல்லும் என்று வட்டத்திலுள்ள அனைவரையும் கேட்டு முடிவுசெய்வது கடினமன்று. அட்சரசுலோகம் ஆடியோர் மூன்றாம் அடியைத் தேர்ந்தனர். அந்தாதி பாடியோர் முழுச் சொல்லைத் தேர்ந்தனர். மாடியில் ஆடுவோர் னகரத்தை நகரமாக்கினர். விதியை மொழிக்கேற்பத் திருத்துவது இந்த மண்ணின் பழைய பழக்கம். ஆட்களுக்கேற்பவும் அதைத் திருத்தலாம். தலைவலி என்று எழுந்தவரிடம், அடுத்த ஆட்டத்தின் விதியைச் சொல்லும்படி கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.